மனித உரிமைப் பயிற்சி ரிமாண்டில் தெரிய வேண்டும்

கேள்வி: வழக்கறிஞர்களுக்கும் நீதிபதிகளுக்கும் நடத்தப்படும் மனித உரிமைப் பயிற்சிகளால் நீதிமன்றத்தில் ஏதாவது மாறுகிறதா?

மாறும். ஆனால் எதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நான் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறேன். இளம் வழக்கறிஞர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். 1948ஆம் ஆண்டின் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தில் தொடங்கி உடன்படிக்கைகளின் பெயர்களை அடுக்கி, மாலையில் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் வகுப்புகள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. மறுநாள், போலீஸ் காவலில் அடிபட்ட தன் கட்சிக்காரர் நொண்டிக்கொண்டு நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் வந்து நிற்கும்போது என்ன கேட்பது, எதை எழுதிக் கொடுப்பது என்று அந்த ஜூனியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதை விளக்க நான் எப்போதும் எடுத்துக்கொள்வது பாகல்பூர் வழக்கு. 1980 வாக்கில் பீகாரில் காவலில் இருந்தவர்களின் கண்களைக் குத்தி அமிலம் ஊற்றிய கொடுமை வெளியே வந்தது. அவர்களை ரிமாண்டுக்காக, அதாவது காவலில் வைக்க நடுவரின் உத்தரவு பெறுவதற்காக, முதல்முறை கொண்டுவந்தபோதும், பிறகு கொண்டுவந்தபோதும், கண்ணில் எப்படிக் காயம் பட்டது என்று நடுவர்கள் விசாரித்ததாகப் பதிவேடுகளில் இல்லை. 1980 டிசம்பரில் காத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைச் சுட்டிக்காட்டியது. இலவச சட்ட உதவி முதல் ரிமாண்டிலிருந்தே கிடைக்க வேண்டும், அந்த உரிமை உண்டு என்று நடுவரே கைதியிடம் சொல்ல வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு கூறியது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் ரிமாண்ட் ஆகிச் சிறைக்குப் போய், சில நாட்களில் இறந்தே போனார்கள். சட்டம் இல்லாததால் இது நடக்கவில்லை. கைது செய்யும்போது போலீஸ் பின்பற்ற வேண்டிய 11 நெறிமுறைகள், உச்ச நீதிமன்றத்தின் டி.கே. பாசு தீர்ப்பில் 1996இலேயே வந்துவிட்டன.

ஆகவே எங்கள் வகுப்பில் பெரும்பகுதி நேரம் மாதிரி ரிமாண்ட்தான். ஒருவர் நடுவர், ஒருவர் ஆய்வாளர், ஒருவர் கைதி. கைது செய்தபோது போலீஸ் எழுதும் கைதுக் குறிப்பாணையில் நேரம் இருக்கிறதா, சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர் குடும்பத்தவரா, அந்தப் பகுதி மனிதரா, இல்லை போலீஸ் அழைத்துவந்த ஆளா என்று பார்க்கச் சொல்வேன். உறவினருக்கு எப்போது தகவல் போனது? ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றம் என்றால், விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் கொடுக்காமல் கைது செய்தது ஏன்? தேவையில்லாமல் கைது செய்யக் கூடாது என்ற 2014இன் அர்னேஷ் குமார் தீர்ப்பைச் சொல்லி இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். கைதுக்கான காரணத்தைக் கைதியிடம் சொன்னார்களா என்று உறுதி செய்வது நடுவரின் கடமை என 2025இல் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. காயம் இருந்தால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு நகரக் கூடாது. மருத்துவப் பரிசோதனை கேட்டும், காவல் நிலைய சிசிடிவி பதிவைப் பாதுகாக்கக் கேட்டும் அங்கேயே எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். நடுவர் மறுத்தால் மறுப்பையாவது பதிவு செய்யச் சொல்ல வேண்டும். பல ஜூனியர்களுக்கு இந்த இடத்தில்தான் குரல் எழும்பாது. சட்டம் தெரியாமல் அல்ல. தினமும் அதே நடுவர் முன் நிற்க வேண்டுமே என்ற பயம். அந்தப் பயத்தைப் பேசாமல் நடத்தும் வகுப்பு பாதி வகுப்புதான்.

சர்வதேச நெறிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டும் இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை, அதாவது அதற்குக் கட்டுப்பட முறைப்படி ஒப்புக்கொள்ளவில்லை. இது எனக்கு ஆறாத கோபம். ஆனாலும் நம் நீதிமன்றங்களில் அந்த நெறிகளுக்கு இடம் உண்டு. ஒடிசாவில் காவலில் மகனை இழந்த தாய் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்ற உச்ச நீதிமன்றம், 1993இல் நீலபதி பெஹெரா வழக்கில் 1,50,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. சட்டவிரோதமாகக் கைதானவருக்கு இழப்பீடு பெறும் உரிமை தரும், ஐ.நா.வின் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 9(5) பிரிவை அந்தத் தீர்ப்பு துணைக்கு எடுத்துக்கொண்டது. உடன்படிக்கையை இப்படி ஒரு தாயின் வழக்கோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் ஜூனியர் அதைத் தன் மனுவில் எழுதுவார்.

நீங்கள் பயிற்சி ஏற்பாடு செய்பவராக இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நடுவர்களுக்குத் தனி வகுப்பு, வழக்கறிஞர்களுக்குத் தனி வகுப்பு, அரசு மருத்துவர்களுக்கு வகுப்பே இல்லை என்று வைக்காதீர்கள். காயச் சான்றை எழுதும் மருத்துவர், அதைக் கேட்டு வாங்கும் வழக்கறிஞர், படித்துப் பார்க்கும் நடுவர் மூவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ஒரே ரிமாண்ட் அறிக்கையைக் கையில் கொடுத்துப் பேசவிடுங்கள்.