ஒருமுறை வந்த டெங்கி மறுபடியும் வருமா?
கேட்பவர்கள்: சிங்கப்பூரின் பல வட்டார வாசகர்கள்
பதில் தருபவர்: ஓய்வுபெற்ற ரத்தப் பரிசோதனைக்கூட ஊழியர்

ஈசூன்: சென்ற ஆண்டு எனக்கு டெங்கி வந்து போனது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும். இனிப் பயமில்லைதானே, அக்கா?

பயம் இனிமேல்தான், தம்பி. டெங்கிக் கிருமியில் நான்கு வகை. உங்களுக்கு வந்த வகை மறுபடி வருவது அரிது. மற்ற மூன்றும் சில மாதங்களே விலகி நிற்கும். பிறகு வேறொரு வகை நுழைந்தால், பழைய ஆன்டிபாடிகள், அதாவது முதல் தொற்றில் உடம்பு உருவாக்கிய எதிர்ப்புப் புரதங்கள், அதன்மேல் ஒட்டிக்கொள்ளும், ஆனால் முடக்காது. ஆன்டிபாடி ஒட்டியதை விழுங்குவது சில வெள்ளணுக்களின் வேலை. விழுங்கிய கிருமி அவற்றுக்குள்ளேயே பெருகும். வேலியே பயிரை மேய்வது இதுதான். கியூபாவில் 1977இல் முதல் வகை பரவியது. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது, கடுமையாக நோயில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் முன்பே ஒருமுறை டெங்கி கண்டவர்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் கூடாது, ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

உட்லண்ட்ஸ்: பப்பாளி இலைச் சாறு?

மருத்துவரையும் ரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதவரை உங்கள் விருப்பம்.

தெம்பனிஸ்: ஆன்டிபாடியே கெடுதல் செய்யும் என்றால் தடுப்பூசி எதற்கு? மக்களைக் குழப்புகிறீர்கள்.

கேள்வி நியாயமானது; குற்றச்சாட்டு அல்ல. டெங்வாக்ஸியா என்ற டெங்கித் தடுப்பூசியில் இதே சிக்கல் வந்தது. பிலிப்பீன்ஸில் 2016 முதல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டார்கள். அதுவரை டெங்கியே வராதவர்களுக்கு அது பின்னர் நோயைக் கடுமையாக்கலாம் என்று 2017 நவம்பரில் தயாரிப்பாளரே அறிவித்தார்.

தெம்பனிஸ் (மறுபடியும்): அப்படியென்றால் எல்லா ஊசியும் ஆபத்துதான்!

நான் சொன்னது டெங்கியைப் பற்றி. தட்டம்மை வேறு கதை. வட அட்லாண்டிக்கிலுள்ள பரோ தீவுகளில் 1781இல் தட்டம்மை கண்டவர்களை 1846இல் அது மறுபடி பரவியபோது தொடவில்லை என்று பானும் என்ற டென்மார்க் மருத்துவர் பதிந்திருக்கிறார். அறுபத்தைந்து ஆண்டுகள்! ஒரு கிருமிக்குரிய கணக்கை இன்னொன்றின் தலையில் கட்டாதீர்கள். பிள்ளைகளின் தட்டம்மை ஊசியை இந்த வாதத்தைக் காட்டி நிறுத்திவிடாதீர்கள்.

ஜூரோங்: பப்பாளி இலையை அரைக்கலாமா, கொதிக்கவைக்கலாமா?

உட்லண்ட்ஸுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அங் மோ கியோ: கணவருக்கு நான்காம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. வேலைக்குப் போகலாம் என்கிறார்.

போகவிடாதீர்கள், அம்மா. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாளில்தான். விடாத வயிற்றுவலி, அடுக்கடுக்காக வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். உடம்புவலி என்று ஐபுபுரோஃபென் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பிடோக்: பப்பாளி இலை…

அடுத்தவர் கேட்கலாம்.