திருகோணமலையில் வாடகை பாக்கிக்கு லோயர் வைக்காமல் வழக்குப் போடலாமா?

நாலு மாத வாடகை, ஒரு லட்சம் ரூபாய் நிற்கிறது, லோயருக்குக் கொடுக்கவும் காசில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம். இலங்கையில் சிவில் வழக்கில் நீங்களே நின்று பேச இடமுண்டு, வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழியும் தமிழ்தான். ஆனால் கோர்ட்டுக்குப் போக முதல் மத்தியஸ்த சபைக்கு, அதாவது இரண்டு தரப்பையும் இருத்திப் பேசி இணக்கப் பார்க்கும் சபைக்குப் போக வேண்டும். இந்த அளவுப் பாக்கி என்றால், இணக்கம் வரவில்லை என்ற சபையின் சான்றிதழ் இல்லாமல் வழக்கை எடுக்க மாட்டார்கள். என் காசு அங்கேயே வந்துவிட்டது.

உப்புவெளியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை, ஒருவனுக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். மாதம் 18,000, எல்லாம் வாய்ப்பேச்சு. ஐந்து மாதமாக "அடுத்த மாதம் சேர்த்துத் தாறன் அண்ணை" என்றே போனது. கரண்டை வெட்டிப் பூட்டைப் போடு என்றார் அப்பா. நானும் பூட்டு வாங்கி வந்துவிட்டேன். நீதிமன்றத்தில் எழுத்தர் வேலை பார்த்த மாமா ஒருவர்தான் தடுத்தார். பூட்டினால் அவன் பொலிசுக்குப் போவான், ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் வழக்கு வரும், இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவன் என்று கண்டால் வாடகை பாக்கியைப் பார்க்காமல் அவனைத் திரும்ப உள்ளே விடச் சொல்வார்கள் என்றார். அந்தப் பூட்டு இப்போது கோழிக்கூட்டில் தொங்குகிறது.

சரி, கையில் என்ன ஆதாரம்? ஒரு ரசீதும் நான் எழுதியதில்லை. முந்தைய மாதங்கள் வங்கியில் விழுந்த பதிவு இருந்தது. அதைவிட உதவியது "அஞ்சு மாசம் நிக்குது, தெரியும்" என்று அவன் அனுப்பிய வட்சப். அதை அச்செடுத்து, மாதவாரியாகக் கணக்கெழுதி, 14 நாள் தவணை கொடுத்துப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன். பதில் இல்லை. அப்புறம் சபைக்கு விண்ணப்பம்.

சனிக்கிழமை, பள்ளிக்கூட வகுப்பறை, மூன்று மத்தியஸ்தர்கள். அங்கே லோயர் யாருக்காகவும் பேச முடியாது, அதனால் இரண்டு பேரும் ஒரே வாங்கில்தான் இருந்தோம். அவன் தண்ணீர் மோட்டரைத் திருத்திய 7,500 ரூபாய் ரசீதை எடுத்து நீட்டினான். எனக்கு ஆத்திரம்தான். ஆனால் மோட்டர் என்னுடையது, பழுதானதும் உண்மை. 90,000 இல் அதைக் கழித்து 82,500, ஆறு தவணை, மாதம் 13,750 என்று எழுதிக் கையெழுத்து வைத்தோம். நாலாம் தவணை மூன்று வாரம் பிந்தியது. ஒப்புக்கொண்டதை மீறினால் திரும்பச் சபைக்கே போகலாம் என்று நினைவூட்டினேன், கட்டினான்.

அவன் கட்டாமலே விட்டிருந்தால் சான்றிதழோடு மாவட்ட நீதிமன்றம் போயிருப்பேன். நீங்களும் இழுத்தடிக்காதீர்கள். வாடகை பாக்கிக்கு வழக்குப் போடக் காலவிதிப்புச் சட்டம் தருவது மூன்று வருடம். எழுத்தில்லாத மாத வாடகை செல்லாது என்று யாராவது சொன்னால் பயப்படவும் வேண்டாம். 1840 ஆம் ஆண்டு மோசடித் தடுப்புச் சட்டம் நொத்தாரிசு எழுதிய உறுதிப் பத்திரம் கேட்பது ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான்.

ஆளை வீட்டைவிட்டு எழுப்புவது மட்டும் வேறு சங்கதி. 1972 வாடகைச் சட்டத்துக்குள் வரும் வீடு என்றால் நோட்டீஸ் காலத்தில் பிழைவிட்டாலே வழக்கு விழும். அதை லோயர் இல்லாமல் செய்யாதீர்கள். வருமானம் குறைவென்றால் திருகோணமலையிலேயே சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது. கணக்கையும் கடிதப் பிரதியையும் தபால் துண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். தபால் துண்டை நான் தொலைத்துவிட்டுத் தேடிய பாடு எனக்குத்தான் தெரியும்.