சொன்ன வேலை ஒன்று, கிடைத்த வேலை வேறு: அமீரகம் சென்றோரின் கேள்விகளும் பதில்களும்

ஷார்ஜாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் நெடுநாள் இருந்தவன் என்ற முறையில் பதிலளிக்கிறேன்.

கேள்வி: எலக்ட்ரீசியன் வேலை, 1,400 திர்ஹாம் என்று ஊரில் சொன்னார்கள். இங்கே ஹெல்பர் வேலை, 900 திர்ஹாம். என்ன செய்வது?

பதில்: சொன்னது யார் என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். முகவர் வாயால் சொன்னதும் நீங்கள் கையெழுத்திட்ட ஆஃபர் லெட்டரும் வேறுபட்டால், அந்த வழக்கு ஊரில் நடக்க வேண்டியது. ஆஃபர் லெட்டரும் இங்கே பதிவான ஒப்பந்தமும் வேறுபட்டால், அது அமீரக மனிதவள அமைச்சகத்தின் கைக்கு வருகிறது. 2016 ஜனவரி முதல் இவ்விரண்டும் ஒத்திருக்க வேண்டும் என்பது விதி. தொழிலாளிக்கு நன்மை தரும் மாற்றத்துக்கு மட்டுமே விலக்கு உண்டு. ஆஃபர் லெட்டரைத் தமிழிலும் கேட்டுப் பெறலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆகவே, படிக்க முடியாத தாளில் கையெழுத்திடாதீர்கள்.

கேள்வி: பாஸ்போர்ட்டை நிறுவனம் வாங்கி வைத்துக்கொண்டது.

பதில்: சட்டம் அதை அனுமதிக்கவில்லை. எழுத்தில் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி (திருச்சி முகவர் ஒருவர்): 1,400 என்பது ஓவர்டைம் சேர்த்த தொகை. தொழிலில் இது வழக்கம்தானே?

பதில்: வழக்கம் என்பதற்காக அது நியாயமாகிவிடாது. ஓவர்டைம் என்பது நிறுவனத்துக்கு வேலை இருந்தால் கிடைப்பது. பொதுவாக நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது. அதற்கான குறைந்தது 25 சதவீதக் கூடுதல் ஊதியமும், ஓராண்டு முடித்தவருக்கு முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் ஊதியமாகக் கணக்கிட்டு, வேலையை விட்டுப் போகும்போது தரப்படும் பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தின் மீதுதான் வருகின்றன. அடிப்படை 1,400 என்றால் ஆண்டுக்கு 980 திர்ஹாம் பணிக்கொடை. 900 என்றால் 630 மட்டுமே. இந்த வித்தியாசத்தை நீங்கள் அனுப்பும் தொழிலாளியிடம் சொன்னீர்களா?

கேள்வி (அதே முகவர்): அடிப்படையை மட்டும் சொன்னால் யாரும் கிளம்ப மாட்டார்கள்.

பதில்: நானும் அதைத்தான் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் முகவரும் ஓவர்டைம் சேர்த்துத்தான் சொன்னார். அது சரியா?

பதில்: சரியில்லை. திருச்சி முகவருக்கு முன்பு சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சோதனைக் காலத்திலேயே விலகலாமா?

பதில்: விலகலாம். சோதனைக் காலம் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது. ஊர் திரும்புவதானால் 14 நாள் முன்னறிவிப்பு, அமீரகத்திலேயே வேறு வேலைக்குப் போவதானால் ஒரு மாதம். சொல்லாமல் போய்விட்டால் தலைமறைவுப் புகார் வரும். பிறகு நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பேச முடியாது.

கேள்வி: விசிட் விசாவில் வாருங்கள், பிறகு மாற்றித் தருகிறோம் என்கிறார்கள்.

பதில்: இதே கேள்வி இன்று நான்காவது முறை வருகிறது. விசிட் விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். பதிவான ஒப்பந்தமே இல்லாதபோது எதைக் காட்டி முறையிடுவீர்கள்? வராதீர்கள்.

கேள்வி: மலேசியாவில் உணவகம் என்று சொல்லித் தோட்டத்தில் விட்டார்கள்.

பதில்: மலேசியச் சட்டம் என் துறையன்று. கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தை (ஹை கமிஷன்) அணுகுங்கள்.

கேள்வி: முகவர் 1,20,000 ரூபாய் வாங்கினார். திரும்பக் கிடைக்குமா?

பதில்: பதிவு பெற்ற முகவர் ஜிஎஸ்டி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. வங்கி வழியாகக் கொடுத்திருந்தால் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் (Protector of Emigrants) என்ற மத்திய அரசு அதிகாரியின் அலுவலகத்தில் அந்தச் சான்றோடு புகார் கொடுங்கள். ரசீதின்றிக் கையில் கொடுத்திருந்தால், பணம் கைமாறியபோது உடனிருந்தவர்களை இப்போதே எழுதித் தரச் சொல்லுங்கள்.