கிளிநொச்சிப் பக்கம் மனநலத்துக்கு சமூகப் பணியாளர் ஒருவரை எப்படித் தேடுவது?

அத்தான் மூன்று மாதமாக ஒருவரோடும் கதைப்பதில்லை, கனடாவில் இருக்கிற சித்தி ‘கிளினிக்கல் சோஷல் வேர்க்கர்’ ஒருவரிடம் காட்டச் சொல்கிறார், இங்கே அப்படி யாரும் இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பெயரில் பலகை தேடி அலையாதீர்கள். அங்கே சமூகப்பணி படித்துப் பதிவு பெற்றவர் தனியாக அறை வைத்தே உளச்சிகிச்சை செய்யலாம். இங்கே அப்படிப்பட்டவர் பெரும்பாலும் அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவில், வைத்தியரோடும் தாதியரோடும் சேர்ந்துதான் வேலை செய்வார். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் அந்தப் பிரிவு இருக்கிறது. போய் உளநல சமூகப் பணியாளரைச் சந்திக்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள், கேட்காவிட்டால் குளிசையோடு அனுப்பிவிடவும் கூடும். காசு இல்லை.

எங்கள் ஐயா 2009 சண்டைக்குப் பிறகு இரவு ஒரு மணிக்கு எழும்பி மண்வெட்டியோடு வளவு மூலையில் பங்கர் வெட்டுவார். கோயிலில் நூல் கட்டினோம், பிறகு ரவுணில் ஒரு தனியார் இடத்தில் காட்டினோம், அங்கே ஐயாவின் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மருந்து எழுதினார்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் அங்கே உளநல சமூகப் பணியாளராக இருந்த ஒரு மிஸ் வீட்டுக்கே வந்தார். வந்தவர் கதிரையில் இருக்கவில்லை, நேரே அந்தக் குழிக்குப் பக்கத்தில் போய் நின்று, “இதுக்குள்ள எத்தனை பேர் இருக்கலாம் ஐயா?” என்று கேட்டார். ஐயா உடனே “ஏழு பேர்” என்றார். வீட்டில் நாங்கள் ஐந்து பேர்தான். அப்பம்மாவையும் தம்பியையும் அவர் இன்னும் கணக்கில் வைத்திருக்கிறார் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். வைத்தியர் மருந்தை மாற்றினார், அதுவும் உதவியது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அம்மாவை இருத்தி, இரவில் ஐயாவோடு என்ன கதைக்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்று சொல்லித் தந்தது அந்த மிஸ்தான். இப்பவும் ஐயா சில இரவு எழும்புவார், மண்வெட்டியை எடுப்பதில்லை.

அத்தான் வரமாட்டேன் என்றால் முதலில் அக்காவும் நீங்களும் போய் நடந்ததைச் சொல்லுங்கள். கிளினிக் எந்த நாள் என்று கேட்டுவிட்டுப் போங்கள், ஏற்கெனவே குடிக்கும் குளிசை மட்டையையும் கொண்டு போங்கள். பிரதேச செயலகத்திலும் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், மனம்விட்டுக் கதைக்க அவர் நல்லது, ஆனால் மருந்து தேவைப்படும் நிலை என்றால் ஆஸ்பத்திரிதான்.

சாகிறதைப் பற்றி ஒரு சொல் சொன்னாலும் கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், அவரைத் தனியே விடாமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் இலவச இலக்கம் அது. வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே வேறு வீட்டில் கொண்டுபோய் வையுங்கள்.