தோற்ற வாக்குகள் எங்கே போகின்றன?

கேள்வி: 2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியின் முடிவு வெறும் 794 வாக்குகளில் அமைந்தது. தோற்றவருக்கு விழுந்த வாக்குகள் வீண்தானா? மற்ற நாடுகளில் எப்படி?
– வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. அதிக வாக்குப் பெற்றவரே வெல்லும் நம் முறையைத்தான் நியூசிலாந்தும் பின்பற்றியது. 1978, 1981 தேர்தல்களில் தொழிற்கட்சி நாடளவில் கூடுதல் வாக்குகள் பெற்றிருந்தும் தேசியக் கட்சியே ஆட்சியில் அமர்ந்ததால் வளர்ந்த மனக்குறை, 1993 பொதுவாக்கெடுப்பில் அம்முறையையே மாற்றியது. 1996 முதல் அங்கு வேட்பாளருக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று என ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். நாடாளுமன்ற இடங்களின் பங்கைக் கட்சி வாக்கே தீர்மானிக்கிறது. கூட்டணி பேரம் நீளும் என்பது உண்மைதான். ஆயினும் எனக்கு அதுவே நேர்மையான முறையாகப் படுகிறது. அங்கே அந்த 794 வாக்குகள் தொகுதி உறுப்பினர் யார் என்பதை முடிவுசெய்திருக்கும். கட்சிக்கு நீங்கள் அளித்த வாக்கோ தனியாக எண்ணப்பட்டிருக்கும்.