தனியாகக் கிளினிக் நடத்தும் டாக்டர்களுக்கு ஏஐ உண்மையில் உதவுகிறதா?

உதவுகிறது. எனக்கு அது பெரிதாக உதவுவது, பாதியில் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போனவர்களைத் திரும்பக் கூப்பிடுவதில்.

மன்னார்குடிப் பக்கம் பொது மருத்துவம் பார்க்கிறேன். ஒரு கன்சல்டிங் அறை, ஊசி போட ஒரு கட்டில், டோக்கன் கொடுக்க ஒரு பெண், பக்கத்தில் மெடிக்கல் ஷாப், அவ்வளவுதான். வருபவர்களில் நிறையப் பேர் சர்க்கரைக்காரர்கள், பிரஷர்காரர்கள். நடவு, களையெடுப்பு என்று வேலை வந்துவிட்டால் இவர்களைப் பார்க்க முடியாது. மாத்திரை தீர்ந்ததும் அப்படியே விட்டுவிடுவார்கள். கேட்டால், "உடம்பு நல்லாத்தானே இருக்கு டாக்டரம்மா" என்பார்கள். வலிக்காத நோயை நினைவில் வைத்திருப்பது கஷ்டம்தான். தை அறுவடை முடிந்து வரும்போது சிலர் காலில் புண்ணோடு வருகிறார்கள்.

இவர்களைத் தேடிப்பிடிக்க, யார் எப்போது வந்தார், என்ன மாத்திரை, எத்தனை நாளைக்கு என்ற விவரம் நம்மிடம் இருக்க வேண்டும். சின்ன கிளினிக்குகளில் அது இருப்பதில்லை. எழுதிக்கொடுத்த சீட்டு நோயாளியின் மஞ்சள் பையோடு போய்விடுகிறது. உள்நோயாளிகளின் பதிவை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள் சொல்கின்றன. வெளிநோயாளிக்கும் அதே அக்கறை வேண்டாமா? அதனால் ஏஐ வாங்கலாமா என்று கேட்கும் இளம் டாக்டர்களிடம், முதலில் பதிவேடு ஆரம்பியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இங்கேதான் ஏஐ கைகொடுக்கிறது. ஒருவரைப் பார்த்து முடித்ததும் தமிழும் ஆங்கிலமும் கலந்து ஏஐயிடம் சுருக்கமாகச் சொல்கிறேன். தொந்தரவு, பிரஷர், சர்க்கரை அளவு, மருந்து, திரும்ப வரவேண்டிய தேதி என்று அது பிரித்து எழுதிவிடுகிறது. மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் மட்டும் எப்போதும் நானே சரிபார்க்கிறேன். ஒலியில் ஒன்றுபோல் இருக்கும் மருந்துகள் ஏராளம். தேதி தாண்டியவர்களின் பட்டியலை எடுக்க ஏஐ எல்லாம் வேண்டாம், எக்செல் போதும். அப்புறம் போன் போடுவது டோக்கன் கொடுக்கும் பெண்தான். "டாக்டரம்மா கேட்டாங்க, மாத்திரை முடிஞ்சிருக்குமே" என்று தெரிந்த குரல் கேட்டால்தான் வருகிறார்கள். தானாகப் போகும் மெசேஜை யாரும் படிப்பதில்லை.

நோயாளி பேசுவதை நான் பதிவு செய்வதில்லை. போன் ரெக்கார்ட் செய்கிறது என்று தெரிந்தால் பெண்கள் வெள்ளைப்படுதலைப் பற்றிக்கூட வாய் திறக்கமாட்டார்கள். இலவச சாட்பாட்டில் பெயரையோ ரிப்போர்ட்டையோ போடவே கூடாது. இது எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊர். ஒரு வீட்டுப் பெண்ணுக்குக் காசநோய் என்ற செய்தி கசிந்தால் அவள் கல்யாணமே நின்றுபோகும். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; சட்டம் இல்லாவிட்டாலும் இது நம் கடமை.

நோயைக் கண்டுபிடிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே வேலைக்கென்று பழக்கி, சோதித்துப் பார்த்த கருவிகள் வேறு, செல்போன் சாட்பாட் வேறு. சர்க்கரையால் விழித்திரை கெடுவதைப் படத்தில் கண்டறியும் கூகுளின் ஆய்வு 2016இல் வெளிவந்தது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் அதில் உண்டு. மார்பு எக்ஸ்ரேயில் காசநோய் அறிகுறியைத் தேடும் மென்பொருளை, 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. இவற்றை நான் மதிக்கிறேன்.

ஆனால் ஐப்பசி மழையில் காய்ச்சலோடு வரும் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவலி, உடம்புவலி என்று சாட்பாட்டிடம் சொன்னால் டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் என்று வரிசையாகச் சொல்லும். வரிசையில் தப்பில்லை. ஆனால் உண்ணிக்காய்ச்சலில் பூச்சி கடித்த இடத்தில் வரும் கறுப்புப் பொருக்கு அக்குளிலோ, மார்புக்கு அடியிலோ, இடுப்புச் சேலை இறுகும் இடத்திலோ ஒளிந்திருக்கும். வலிக்காது, அரிக்காது என்பதால் அந்த அம்மாவே சொல்லமாட்டார். துணியை விலக்கிப் பார்த்தால்தான் உண்டு. பார்த்துவிட்டால் டாக்ஸிசைக்ளினை அன்றைக்கே தொடங்கலாம். பதிவு எழுதும் நேரம் மிச்சமானதை நான் இப்படிப் பார்ப்பதற்குத்தான் செலவிடுகிறேன். ஏஐ நேரடியாக நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்று போனிலும் வீடியோவிலும் வைத்தியம் பார்ப்பதற்கான 2020 டெலிமெடிசின் வழிகாட்டுதலும் தெளிவாகச் சொல்கிறது.

ஆரம்பிப்பவர்கள் சர்க்கரைக்காரர்களை மட்டும் வைத்து ஆரம்பியுங்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முன்னால் பட்டியல் கையில் இருந்தால், குறுவை நடவுக்கு இறங்குவதற்குள் அவர்களை வரவழைத்து, காலைப் பார்த்து, சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்களுக்கு இரண்டு மாத மாத்திரையாக எழுதிக்கொடுத்துவிடலாம்.