பி0016 வந்தால் சென்சாரையா மாற்றுவது?

பழைய கார் வாங்கி 4 மாதம் ஆகிறது. 1,200 சிசி பெட்ரோல், செயின் உள்ள என்ஜின். காலையில் ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் கரகரவென்று சத்தம். செக் என்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0016 (P0016) என்ற கோளாறுக் கோடு வந்தது. கேம் சென்சாரை மாற்றினேன். மூன்றாம் நாளே விளக்கு திரும்பவும் எரிகிறது. இப்போது கிராங்க் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், திருப்பூர்

கொஞ்சம் பொறுங்கள். சென்சாரோ அதன் ஒயரோ போயிருந்தால் பெரும்பாலும் வேறு கோடு (கோளாறுக் குறியீடு) வரும்: கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பக்கம் பி0335, கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பக்கம் பி0340. பி0016 என்றால் இரண்டு சென்சாரும் பேசுகின்றன, ஆனால் இரண்டு பேச்சும் ஒத்துப்போகவில்லை. கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும், அதுவும் குறித்த கோணத்தில். கிராங்க் பல்சக்கரத்தில் 20 பல் என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் இணைக்கும் செயின் ஒரு பல் தாண்டினாலே 18 டிகிரி பிசகிவிடும். பல் தாண்டாமல், கண்ணிகள் தேய்ந்து செயின் நீண்டாலும் சில டிகிரி தள்ளும்.

நீங்கள் சொல்லும் காலைச் சத்தம்தான் நல்ல துப்பு. இந்த வகை என்ஜின்களில் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கிவிடும்; அழுத்தம் ஏறும் வரை செயின் தளர்ந்து கவரில் அடிக்கும். ஓரிரு விநாடி என்றால் பொறுக்கலாம். ஐந்து விநாடிக்கு மேல் நீண்டாலோ, சூடான பிறகும் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) கேட்டாலோ வண்டியை ஓட்டாதீர்கள்.

செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். ஆயில் கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தாலோ, கரி கலந்து கெட்டியாக இருந்தாலோ, கையேட்டில் சொன்ன தர ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு, ஸ்கேனரில் கோளாறுக் கோடை அழித்து, சில நாள் ஓட்டுங்கள். வால்வு டைமிங்கைத் தானே மாற்றும் விவிடி என்ஜின் என்றால், ஆயில் கன்ட்ரோல் வால்வைக் கழற்றி அதன் வலையில் கசடு அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 12 வோல்ட்டை ஒரு கணம் தொட்டால் உள்ளே 'டக்' என்று நகர வேண்டும்.

அதற்கும் சரியாகாவிட்டால், எம்ஏபி சென்சார் (மேனிஃபோல்டு என்ற காற்றுக் குழாயின் அழுத்தத்தை அளப்பது) உள்ள வண்டியில் ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் மேனிஃபோல்டு அழுத்தம் பாருங்கள். என்ஜின் சூடாகி, ஏசி அணைத்து, ஐடிலில் இருக்கும்போது சாதாரணமாக 30 முதல் 40 கிலோபாஸ்கல். வாக்குவம் குழாய் எதுவும் ஓட்டையில்லாமலே 50-ஐத் தாண்டினால் வால்வு டைமிங் பின்தங்கியிருக்க வாய்ப்புண்டு. உறுதி செய்ய கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளப்பது): பிளக் நான்கையும் கழற்றி, பெட்ரோல் சப்ளையை நிறுத்தி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜைப் பொருத்தி, ஐந்தாறு கம்ப்ரஷன் வரும் வரை செல்ஃப் அடிக்க வேண்டும். நான்கும் ஒரே அளவில் குறைந்தால் டைமிங்கைச் சந்தேகியுங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தச் சிலிண்டரின் வால்வோ ரிங்கோ.

கவரைத் திறந்து பார்த்து செயின்தான் என்று உறுதியானால் செயின், டென்ஷனர், கைடு (செயின் உரசி ஓடும் தாங்கி) மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பல்சக்கரத்தின் பல் கொக்கிபோல வளைந்திருந்தால் அதையும். பழைய டென்ஷனரில் புதுச் செயின் போட்டு மிச்சம் பிடிப்பவர்கள், திரும்பவும் அதே கூலியைக் கொடுக்க நேரும்.

பழைய கார் பார்க்கப் போனேன். 'நேத்துதான் பேட்டரி மாத்தினோம், எந்த விளக்கும் எரியாது' என்கிறார் புரோக்கர். எப்படிச் சோதிப்பது?
– வாசகி, மதுரை

முதலில், எரிய வேண்டிய நேரத்தில் எரிகிறதா என்று பாருங்கள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்துங்கள். செக் என்ஜின், ஆயில், பேட்டரி மூன்றும் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் செக் என்ஜின் எரியவில்லை என்றால் யாரோ விளக்கின் வாயை அடைத்திருக்கலாம்.

பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, 'ரெடினஸ் மானிட்டர்' (வண்டி தன் பாகங்களைத் தானே சோதித்து முடித்துவிட்டதா என்று காட்டும் பட்டியல்) பகுதிக்குப் போங்கள். கோடை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ இவை 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். பல வண்டிகளில் கோடு அழித்த பிறகு ஓடிய கிலோமீட்டரும் தெரியும். அது 6 என்று காட்டினால் உங்களுக்காகவே அழித்திருக்க வாய்ப்புண்டு. பேட்டரி கதை நிஜமாகவும் இருக்கலாம். அதனால் சண்டை வேண்டாம்: மானிட்டர்கள் முடிந்த பிறகு திரும்பவும் ஸ்கேன் செய்துவிட்டு அட்வான்ஸ் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

68,000 கி.மீ. ஓடிய பழைய வண்டி. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

முதலில், உங்கள் என்ஜினில் கிராங்கையும் கேமையும் இணைப்பது செயினா, ரப்பர் பெல்ட்டா என்று உறுதி செய்யுங்கள். சான்ட்ரோ ஜிங், ஆல்டோ 800 இரண்டிலும் பெல்ட். ஐ10-இல் 1.1 லிட்டர் என்றால் பெல்ட், 1.2 கப்பா என்றால் செயின். மாருதியின் கே10, கே12 என்ஜின்களில் செயின்.

பெல்ட் என்றால், ரசீது இல்லாத பெல்ட் மாற்றாத பெல்ட்தான். ரப்பர் ஓடாமல் நின்றாலும் வயதாகும். உள்நூல் அறுவது வெளியே தெரியாது. டென்ஷனர், ஐட்லர் பேரிங்குடன் செட்டாக வாங்குங்கள். கேம், கிராங்க் ஆயில் சீல் கசிந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள். ஆயில் பட்ட பெல்ட் சீக்கிரம் ஊதிப்போகும்.

மாட்டியதும் உடனே செல்ஃப் அடிக்க விடாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, கிராங்க் போல்ட்டில் பாக்ஸ் ஸ்பேனர் போட்டு, என்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, பல்சக்கரங்களின் டைமிங் குறிகள் திரும்ப நேருக்கு நேர் வருகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் கெட்டியாகத் தடுத்தால் அதோடு நிறுத்த வேண்டும்; வால்வு பிஸ்டனைத் தொடுகிறது என்று அர்த்தம்.

வண்டி ஓடும்போது செக் என்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிகிறது. தொடர்ந்து எரிவதைவிட நல்லதுதானே?
– வாசகர், வேலூர்

நேர் எதிர். சீராகச் சிமிட்டினால் கடுமையான மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாதது) என்று பொருள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். ஆக்சிலரேட்டரை விட்டு, ஓரங்கட்டி, அணையுங்கள். கோடு பி0302 என்று வந்தால் இரண்டாம் சிலிண்டர். அதன் இக்னிஷன் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கோடு பி0303 ஆனால் காயில்தான் போச்சு. மாறாமல் பி0302-ஆகவே நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று அந்த வரிசையில் பாருங்கள்.